மலைத்தோட்டத்துப் பழைய பங்களாவை ஆராய்ந்து எழுதுவது எப்படி? தேவிகுளம், பீர்மேடு பகுதிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூணாறிலோ வண்டிப்பெரியாறிலோ ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காட்டி, "இது எப்போது கட்டியது?" என்று கேட்டுப் பாருங்கள். "வெள்ளைக்காரன் காலத்தில்" என்பார்கள். கொஞ்சம் அழுத்திக் கேட்டால் "நூறு வருடத்துக்கு மேல்" என்பார்கள். பொய்யில்லைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுத முடியாது. 1885இல் ஒரு தனி முதலாளி எழுப்பிய புல்கூரை வீடும், 1927இல் ஒரு கம்பெனி கட்டிய கல்வீடும் அந்த ஒரே பதிலுக்குள் அடங்கிவிடுகின்றன.

கட்டடக்கலை படிக்காதவரும் ஒரு பங்களாவின் வயதையும் வரலாற்றையும் ஓரளவு துல்லியமாக எழுதிவிட முடியும். அளவு டேப், டார்ச், திசைகாட்டி, நோட்டுப் புத்தகம், ஒரு துணையாள், இவை போதும். பங்களாக்களைப் பற்றி வழக்கமாக வரும் எழுத்தெல்லாம் முன் போர்ட்டிகோவில் ஏறி, ரோஜாத் தோட்டத்தைப் பார்த்து, கணப்படுப்பின் முன்னால் உட்கார்ந்து முடிந்துவிடும். நான் சொல்லும் முறையில் வேலை பின்வாசலில் தொடங்குகிறது. முன்பக்கத்தை ஒவ்வொரு மேனேஜரும் மாற்றிக்கொண்டே இருப்பார். பின்பக்கத்தில் யாரும் காசு போடுவதில்லை, ஆகவே பழைய தடயங்கள் அங்கேதான் தப்பிப் பிழைக்கின்றன. கட்டியவர்களும் நடத்தியவர்களும் நுழைந்ததும் அந்த வாசல் வழியாகத்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் நம் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறார்கள்.

முதல் படி: அனுமதி வாங்குங்கள்

தேவிகுளம் தாலுகாவின் எஸ்டேட் பங்களாக்களில் பெரும்பாலானவை இன்னும் கம்பெனிகளின் கையில் இருக்கின்றன. பலவற்றில் மேனேஜர் குடும்பத்தோடு குடியிருக்கிறார்; சில விடுதிகளாகிவிட்டன. எஸ்டேட் ஆபீசில் எழுத்து மூலம் கேளுங்கள். என்ன பார்க்கப் போகிறீர்கள், எதற்காக, படம் எடுப்பீர்களா என்பதையெல்லாம் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். மூணாறு பக்கம் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றாலே ஊர் அவரைச் சந்தேகமாகப் பார்க்கும். நிலத்தை அளந்து, அகற்றி, வழக்குப் போட்டுப் பழகிய மண் இது. கட்டடத்தை மட்டும் அளக்கிறீர்கள், நிலத்தை அல்ல என்று முதலிலேயே தெரிவித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

ஆளில்லாத பாழ்வீடானால் இன்னும் கவனம் வேண்டும். மரத்தரை அடியில் உளுத்திருக்கும். அறையின் நடுவில் நடக்காமல் சுவரோரமாக, ஆணி வரிசை தெரியும் இடத்தில் கால் வையுங்கள். கூரைத் தகரத்தின் மேல் எந்தக் காரணத்துக்காகவும் ஏறாதீர்கள். மாலை நாலு மணிக்குமேல் அங்கே இருக்க வேண்டாம். பாம்பைவிட யானைதான் பெரிய காரணம்.

இரண்டாம் படி: காலவரிசையை மனத்தில் ஏற்றுங்கள்

வீட்டுக்குப் போகும் முன்பே இந்த மலையின் வரலாறு கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணில் படும் தடயம் எதைச் சொல்கிறது என்று புரியாது.

பீர்மேட்டில் கதை முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. 1860களில் ஹென்றி பேக்கர் என்ற சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சங்கம்) பாதிரியாரும் வேறு சில வெள்ளையரும் அங்கே காபி பயிரிட்டார்கள். 1869இல் இலங்கையில் தலைகாட்டிய காபி இலைத்துரு நோய் பின்னர் தென்னிந்திய மலைகளையும் பிடித்தது. காபி சாய்ந்ததும் கொயினா மருந்து எடுக்கும் சிங்கோனா மரம். அதன் விலை விழுந்ததும் தேயிலை. ஆகவே மிகப் பழைய பீர்மேட்டு வீடு ஒரு தேயிலைத் தோட்டத்துக்காகக் கட்டப்பட்டதாகவே இருக்காது. சுற்றிலும் இன்று தேயிலை நிற்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

மூணாறுப் பக்கத்தின் தொடக்கப் பத்திரம் 1877 ஜூலை 11ஆம் தேதியது. திருவிதாங்கூரில் ஏலமலை சூப்பிரண்டெண்டாக இருந்த ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். சுமார் 227 சதுர மைல் நிலம். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய், முன்பணம் 5,000 ரூபாய். 1879இல் வடதிருவிதாங்கூர் நில நடவு, வேளாண் சங்கம் அமைந்தது. அதன் உறுப்பினர்கள் தனித்தனியே காட்டை வெட்டி, கையில் வந்ததையெல்லாம் பயிரிட்டுப் பார்த்தார்கள். 1880இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் சுமார் 50 ஏக்கரில் தேயிலை வைத்தார். அந்த நிலம் இன்று செவன்மலை எஸ்டேட்டுக்குள் இருக்கிறது.

1895இல் ஃபின்லே மியூர் கம்பெனி மலை ஏறியது. 1897இல் கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி அமைந்தது. உங்கள் ஆராய்ச்சிக்கு இதுதான் முதல் பெரிய கோடு. அதற்கு முன்னால் ஒவ்வொரு தோட்டக்காரனும் தன் பணத்துக்கும் ரசனைக்கும் ஏற்றபடி கட்டினான். அதற்குப் பின் கம்பெனி கட்டியது. பக்கத்துப் பக்கத்து எஸ்டேட் பங்களாக்களில் அறை அமைப்பும் ஜன்னல் அளவும் ஒன்றுபோல் வந்தால், அவை பெரும்பாலும் கம்பெனிக் காலத்தவை.

இரண்டாவது கோடு போக்குவரத்து. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அதை இரண்டடி அகல ரயில் பாதையாக மாற்றினார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவட ஊர்தி, அப்புறம் போடிநாயக்கனூர், கடைசியில் தூத்துக்குடித் துறைமுகம். தேயிலை இறங்கிய அதே வழியில்தான் தகரம், இரும்பு, கண்ணாடி, சிமெண்டுப் பீப்பாய், பியானோ எல்லாம் ஏறி வந்தன. மலை திருவிதாங்கூருடையது, மலைவீட்டின் சாமான்களில் பெரும்பகுதி மதுரைச் சீமை வழியாக வந்தது.

1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் அது 1099 என்பதால் மலையாளிகளுக்கு அது தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம். ரயில் திரும்பி வரவேயில்லை. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. 1935இல் நேரியமங்கலம் பாலம் திறந்ததும் மேற்கே கோதமங்கலம், ஆலுவா வழி பலப்பட்டது. அதன் பிறகு கட்டிய வீட்டில் மேற்கிலிருந்து வந்த சாமான்கள் கூடுதலாகத் தென்படும். இந்த வேறுபாட்டை ஆறாம் படியில் கையால் தொட்டே பார்க்கலாம்.

மற்ற ஆண்டுகளை விரைவாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1940, பள்ளிவாசல் மின்நிலையம். 1951, தோட்டத் தொழிலாளர் சட்டம். 1956, தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டத்துக்குப் பிறகும் கேரளத்தில் அமைந்தது. 1964இல் டாட்டா ஃபின்லே கூட்டு, 1983இல் டாட்டா டீ, 2005இல் இப்போதைய கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் (கே.டி.எச்.பி.) கம்பெனி. கை மாறிய ஒவ்வொரு முறையும் பங்களாவில் ஏதாவது ஒரு சுவர் இடிந்திருக்கும்.

மூன்றாம் படி: வீட்டை விட்டு விலகி நின்று இடத்தைப் படியுங்கள்

உள்ளே போக அவசரப்பட வேண்டாம். எதிர்மலைச் சாலையில் நின்று ஒரு படம் வரையுங்கள்: பங்களா, ஃபேக்டரி, பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), லயங்கள், ஓடை, சாலை. அழகாக வர வேண்டியதில்லை. எது மேலே, எது கீழே என்பது தெரிந்தால் போதும்.

பங்களா அநேகமாகக் குன்றின் முதுகில் இருக்கும். ஒரு பக்கத்தை வெட்டி, மறுபக்கம் கல்கட்டு எழுப்பி, மண்ணை நிரப்பிச் சமதளம் ஆக்கியிருப்பார்கள். அங்கே நின்றால் ஃபேக்டரியின் புகையும் தெரியும், கொழுந்து எடுக்கும் வரிசையும் தெரியும். காட்சி அழகுக்காக மட்டும் யாரும் இடம் தேர்ந்தெடுக்கவில்லை. மேல்நிலைத் துரையின் (மேனேஜரின்) வீட்டுக்கும் சின்னத் துரையின் (உதவி மேனேஜரின்) வீட்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தையும் கவனியுங்கள்.

அடுத்து தண்ணீர். பம்பு வராத காலத்தில் வீட்டுக்கு மேலே ஒரு ஊற்று கட்டாயம் தேவை. மலைமேல் நோக்கிச் சென்று பழைய கல்தொட்டியையோ வார்ப்பிரும்புக் குழாயையோ தேடுங்கள். குழாய் வரும் திசையில்தான் சமையலறையும் குளியலறையும் இருக்கும். அப்படி இல்லை என்றால் வீடு பிற்பாடு மாற்றப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, காற்றும் மழையும். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கி மேற்கிலிருந்து அடிக்கும். திசைகாட்டியை வைத்துப் பாருங்கள்: நன்கு யோசித்துக் கட்டிய வீட்டில் மேற்குச் சுவரில் திறப்புகள் குறைவாக இருக்கும், வராந்தா கிழக்கையோ தெற்கையோ பார்க்கும். முதல் தலைமுறைத் தோட்டக்காரர்கள் சமவெளிப் பழக்கத்தில் நாலு பக்கமும் வராந்தா வைத்தார்கள். மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரிப் பனியில் திறந்த வராந்தாவில் யார் உட்காருவார்கள்? ஆகவே அடுத்து வந்தவர்கள் அதைக் கண்ணாடியால் மூடி வெயில் காயும் அறையாக்கினார்கள். கண்ணாடி வராந்தாவின் உள்சுவரில் ஓர் ஜன்னல் இருந்தால், அந்த உள்சுவர்தான் பழைய வெளிச்சுவர்.

லயங்களை விட்டுவிட்டு வரையாதீர்கள். பங்களா, ஃபேக்டரி, லயம் மூன்றும் ஒரே திட்டத்தின் பகுதிகள். மேட்டின் உறுதியான நிலம் பங்களாவுக்குப் போனது. சரிவிலும் ஓடைக்கரையிலும் கிடைத்த துண்டுகளில் லயங்கள் வரிசையாக எழுந்தன, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையுமாக. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் இறந்தார்கள். கட்டட வரலாறு எழுதுபவர் யார் வீடு எங்கே வைக்கப்பட்டது என்பதை எழுதாமல் விட்டால் அந்த வரலாறு பாதிதான்.

நான்காம் படி: பின்வாசலில் தொடங்குங்கள்

இப்போது வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வாருங்கள். முதலில் குசினி, அதாவது சமையலறை. பழைய பங்களாவில் அது முதன்மைக் கட்டடத்தை விட்டுத் தள்ளி, மூடிய நடை ஒன்றால் இணைந்திருக்கும். தீப்பிடிக்கும் பயம், புகை, எண்ணெய் வாடை எல்லாம் காரணம். புல்லும் மரமும் சேர்ந்த கூரைக்குக் கீழே விறகடுப்பை வைக்க யாருக்கும் துணிவு வராது. நடையைச் சுவரெழுப்பி அடைத்து, குசினியை வீட்டோடு சேர்த்திருந்தால் அந்தச் சேர்க்கை பிந்தியது. எரிவாயு வந்த பிறகு செய்ததாகவும் இருக்கலாம்.

குசினிச் சுவரில் கரி படிந்த பகுதியின் அகலத்தைப் பாருங்கள். அடுப்புகள் எத்தனை, எங்கே இருந்தன என்று தெரியும். ரொட்டி சுட்ட செங்கல் அடுப்பு, வெந்நீர் பாய்லர், விறகுக் கொட்டகை இவற்றையும் குறியுங்கள். விறகுக் கொட்டகையின் அளவே ஒரு செய்தி. அத்தனை கணப்படுப்புகளுக்கும் விறகு வெட்டிச் சுமந்தவர்கள் தனியாக இருந்தார்கள் என்று அர்த்தம்.

அடுத்து குளியலறைகள். ஒவ்வொரு படுக்கையறையை ஒட்டியும் ஒரு குளியலறை இருக்கும். பல வீடுகளில் அதற்கு வெளியே திறக்கும் ஒரு சிறு கதவும் இரண்டு மூன்று படிகளும் உண்டு. இன்று சுவரெழுப்பி அடைத்திருப்பார்கள். பூச்சில் கதவளவு விரிசல் கோடு தெரியும். கழிவுநீர்க் குழாய் வராத காலத்தில் மலம் அள்ளும் தொழிலாளி வீட்டுக்குள் நடந்து வராமல், யார் கண்ணிலும் படாமல் பாத்திரத்தை எடுத்துப் போக வைத்த வாசல் அது. பங்களாவைப் பற்றிய பளபளப்பான புத்தகங்களில் இந்தக் கதவின் படத்தை நான் பார்த்ததேயில்லை. அளவெடுத்துப் படம் எடுங்கள்.

பட்லர், சமையல்காரர், ஆயா, தோட்டக்காரர் தங்கிய அறைகள் பின்முற்றத்தில் ஒரே வரிசையாக இருக்கும். அவற்றின் கூரைச் சட்டங்களைத் தவறாமல் பாருங்கள். பெரிய வீட்டைப் புதுப்பிக்கும்போது கழற்றிய பழைய கதவு, தகரம், உத்திரம் எல்லாம் இங்கே கொண்டுவந்து மாட்டுவது வழக்கம். முதல் வீட்டின் ஜன்னல் வேலைக்காரர் அறையில் இருக்கக்கூடும்.

ஐந்தாம் படி: அளந்து வரைபடம் போடுங்கள்

கட்டியவர்கள் அடி, அங்குலத்தில் நினைத்தார்கள். நீங்களும் அப்படியே அளங்கள். ஒவ்வொரு அறையிலும் நாலு சுவரோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் அறை கோணலா என்று தெரிந்துவிடும். கதவு நிலையில் சுவர்த் தடிப்பைப் பாருங்கள். கல்லும் சாந்தும் வைத்த வெளிச்சுவர் ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை இருக்கும். வீட்டின் நடுவில் ஓர் உள்சுவர் அதே தடிப்பில் வந்தால், அது ஒரு காலத்தில் வெளிச்சுவராக இருந்ததா என்று சந்தேகப்படுங்கள். கணப்படுப்பு உள்ள சுவர் மட்டும் விதிவிலக்கு.

ஆறாம் படி: சாமான்களைப் படியுங்கள்

ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டிய படி இதுதான். வெளிச்சம் நன்றாக இருக்கும் காலையில் செய்யுங்கள்.

*கூரை.* முதல் வீடுகளுக்குப் புல்தான் கூரை. பிறகு நெளித்தகரம். கம்பிவடத்திலும் தலைச்சுமையிலும் மலையேற்ற வேண்டுமென்றால் ஓட்டைவிடத் தகரமே சுலபம்: எடை குறைவு, உடையாது. தகரத்தின் உள்பக்கத்தில் சில சமயம் முத்திரை மங்கலாகத் தெரியும். இங்கிலாந்தின் லைசாட் கம்பெனியின் 'ஆர்ப்' முத்திரை அவற்றில் ஒன்றாக இருக்கலாம். மழை தகரத்தில் விழும் சத்தத்துக்கும் குளிருக்கும் தடுப்பாகக் கீழே பலகை மச்சு (உள்கூரை) போட்டிருப்பார்கள். மச்சுக்கு மேல் ஏறும் வழி இருந்தால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டிப் பாருங்கள். கைமரங்களில் (கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டங்களில்) இப்போதைய தகரத்துக்குப் பொருந்தாத பழைய ஆணித் துளைகள் இருந்தால் கூரை ஒருமுறை மாறியிருக்கிறது.

ஓட்டுக்கூரை என்றால் ஓர் ஓட்டைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். மங்களூர் பாசல் மிஷன் ஓட்டில் '1865' என்று அச்சாகியிருக்கும். உடனே வீட்டின் வயது 1865 என்று எழுதிவிடுகிறார்கள். விடுதிகளின் விளம்பரப் பலகைகளில்கூட இந்தக் கூத்தைப் பார்க்கலாம். அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அந்த முத்திரையோடு பல பத்தாண்டுகள் ஓடு வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் கட்டியதல்ல என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும்.

*இரும்பு.* வராந்தாத் தூண், கணப்படுப்பின் மேல் உத்திரம், போர்ட்டிகோவின் விட்டம் ஆகியவற்றில் இரும்பு இருந்தால் அதன் நடுத்தண்டைத் துணியால் துடையுங்கள். மிடில்ஸ்பரோவின் டார்மன் லாங் போன்ற பெயர் எழுந்து வரலாம். டாட்டாவின் பெயர் இருந்தால் 1912க்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். ஜாம்ஷெட்பூரில் எஃகு உருக்கத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். சிறிய தண்டவாளத் துண்டை உத்திரமாகவோ கம்பமாகவோ நட்டிருந்தால் படம் எடுத்து, தலைப்பகுதியின் அகலத்தையும் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். குண்டளை ரயில் 1924இல் நின்றபின் மலையில் தண்டவாளத்துக்குப் பஞ்சமிருக்கவில்லை. அந்த ரயிலின் சக்கரம் ஒன்று நல்லதண்ணி எஸ்டேட்டில் 2004இல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

*சாந்து.* கீழ்ச்சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் விரல்நகத்தால் கீறுங்கள். மண்சாந்து பொடியாக உதிரும். சுண்ணாம்புச் சாந்து வெள்ளையாக, சிறு சுண்ணாம்புக் கட்டிகளோடு வரும். சாம்பல் நிறத்தில் நகத்துக்கு மசியாமல் நின்றால் சிமெண்டு. 1914இல் போர்பந்தர் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கும் வரை இந்தியாவில் சிமெண்டு பெரும்பாலும் கப்பலில் வந்த சரக்கு. அதை மலைமேல் ஏற்றிச் சுவர் முழுவதற்கும் பயன்படுத்த யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். ஆகவே மூலச்சுவரே சிமெண்டுக் கலவையில் நின்றால் வீடு அதற்குப் பிந்தியது. மேல்பூச்சு மட்டும் சிமெண்டு என்றால் ஒன்றும் நிரூபணமாகாது; எல்லாச் சுவரிலும் யாராவது பூசியிருப்பார்கள்.

*மரம்.* தேக்கு, ஈட்டி, ஆஞ்சிலி, வேங்கை எல்லாம் கேரளத்துக் காடுகளில் கிடைத்தவை. அடையாளம் காண ஓர் ஆசாரியை அழைத்துப் போங்கள். நாம் பார்த்துச் சொல்வதைவிட அவர் உளியால் ஒரு சீவல் சீவி முகர்ந்து சொல்வது நம்பகமானது. சில்வர் ஓக் பலகை இருந்தால் அந்தப் பகுதி முதல் கட்டடத்தைச் சேர்ந்ததாக இருப்பது அரிது. தேயிலைக்கு நிழலாக வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட அந்த மரம், அறுக்கும் பருமனுக்கு வளர வேண்டாமா?

*கண்ணாடியும் மின்கம்பியும்.* பழைய கண்ணாடிச் சில்லின் வழியே வெளியே பார்த்தால் தேயிலை வரிசை நெளியும்; சீராகத் தெரிந்தால் பின்னர் மாற்றியது. மரப்பட்டைக்குள் ஓடும் கம்பியும் பீங்கான் தாங்கிகளும் இருந்தால் மின்சாரம் சீக்கிரமே வந்திருக்கிறது. 1940க்கு முன் மின்சாரமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1920களில் கன்னிமலை எஸ்டேட்டின் மின்நிலையத்தில் நீர்விசையால் சுழன்ற பெல்டன் சக்கரம் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அங்கே போகிறவர்கள் கருங்கல் மேடையில் உள்ள சூரியக் கடிகாரத்தைப் பார்க்காமல் வந்துவிடக் கூடாது. 1913இல் நாசரேத்து ஆர்ட் இண்டஸ்ட்ரியல் பள்ளியில் செய்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆட்கள் மட்டும் மலையேறவில்லை, கைவேலையும் ஏறியது. உங்கள் பங்களாவின் கதவுப் பிடி, இரும்பு வாயில், மேசை எல்லாம் லண்டனிலிருந்து வந்தவை என்று யாராவது சொன்னால், முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: கட்டிய காலங்களைப் பிரித்தறியுங்கள்

ஒரே மூச்சில் கட்டிய பங்களாவைக் காண்பது அபூர்வம். கல்வரிசை ஒன்றோடொன்று பின்னாமல் தரையிலிருந்து கூரை வரை நேர்க்கோடாகப் பிரியும் இடத்தைத் தேடுங்கள். அதன் இருபுறமும் இரு காலம். அடித்தளத்தின் கல் மாறுவது, தரையில் ஒரு படி இறங்குவது, சிம்னிகளில் ஒன்று மட்டும் வேறு வடிவில் இருப்பது, கூரையில் இரண்டு சரிவு சேருமிடத்தில் ஓயாமல் ஒழுகுவது, இவையெல்லாம் ஒட்டுப்போட்டதன் அடையாளங்கள். வரைபடத்தில் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு வண்ணம் கொடுங்கள். வண்ணம் தீட்டி முடித்தபோது நடுவில் இரண்டு மூன்று அறைகளும் முன் வராந்தாவும் மட்டும் கொண்ட சிறு வீடு ஒன்று எழுந்து வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

எட்டாம் படி: காகிதங்கள்

வில்லேஜ் ஆபீசில் தண்டப்பேர் பதிவேடும் (நில உரிமையாளர் வாரியான பதிவேடு) கரம் (நிலவரி) கட்டிய விவரமும் இருக்கும். தாலுகா ஆபீசில் நில அளவைப் படங்கள். இவை நிலத்தைச் சொல்லும், வீட்டைச் சொல்லாது. 1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தை ஒட்டிய ஆவணங்களில் எந்த நிலம் எதற்குப் பயன்பட்டது என்ற விவரம் கிடைக்கும். திருவிதாங்கூர் அரசின் கோப்புகளுக்குத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். 1906இல் நாகம் ஐயா தொகுத்த திருவிதாங்கூர் மேனுவலையும் புரட்டிவிடுங்கள். மலைத்தோட்டங்கள் அன்று எந்த நிலையில் இருந்தன என்பது அதிலிருந்து தெரியும்.

அரசுத் தாள்களில் கொல்லம் ஆண்டு வரும். ஆகஸ்ட் நடுவில் சிங்ஙம் (கொல்லம் ஆண்டின் முதல் மாதம்) பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிய 824ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து அடுத்த சிங்ஙம் வரை 825. ஒரு வருடப் பிழை பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள்: வெள்ளத்துக்கு முன்பா பின்பா என்பது அந்த ஒரு வருடத்தில்தான் தீர்மானமாகும்.

கல்லறைகளும் ஆவணங்கள்தாம். மூணாறு சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்துக்கு 1910இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் மேட்டிலுள்ள கல்லறைத் தோட்டம் அதற்கும் முந்தையது. 1894இல் காலராவில் இறந்த எலினார் நைட் என்ற இளம் மனைவியின் கல்லறை அங்கே இருக்கிறது. எந்த ஆண்டில் எந்த எஸ்டேட்டில் யார் இருந்தார் என்பதற்கு இப்படிப்பட்ட கல்வெட்டுகளைவிட நல்ல சாட்சி குறைவு.

ஒன்பதாம் படி: மனிதர்களிடம் கேளுங்கள்

ஓய்வுபெற்ற பட்லர், தோட்டக்காரர், பங்களாவுக்குப் பால் ஊற்றிய அம்மா ஆகியோரைத் தேடிப் போங்கள். பலர் ஓய்வுக்குப்பின் போடி, தேனி, சங்கரன்கோவில் பக்கம் போய்விட்டார்கள். பிள்ளைகளிடம் விசாரித்தால் விலாசம் கிடைக்கும். வெறுங்கையோடு போகாமல் வீட்டின் படங்களைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

"வீடு எந்த வருடம் கட்டியது?" என்று கேட்டால் பதில் வராது, அல்லது உங்களைத் திருப்திப்படுத்த ஏதோ ஓர் எண் வரும். "உங்க அப்பா எந்தத் துரை காலத்தில் வேலைக்குச் சேர்ந்தார் ஐயா?" என்று கேளுங்கள். "லயத்துக்கு லைட் வந்தபோது பங்களாவில் ஏற்கெனவே லைட் இருந்ததா பாட்டி?" என்று கேளுங்கள். வெள்ளம், ரயில் நின்றது, எல்லைப் போராட்டம், டாட்டா வந்தது என்ற நிகழ்ச்சிகளே இங்கே நாட்காட்டி. "வெள்ளத்தில் கீழ் லயம் போனபின் கல் சுமந்து மேலே கட்டினதாக எங்க தாத்தா சொல்வார்" என்பது போன்ற ஒரு வாக்கியம் கிடைத்தால், அதை நேர்க்கோடுகளோடும் சாந்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

அறைகளின் பெயர்களையும் அவர்களிடமே கேட்டுக் குறியுங்கள். மேனேஜர் 'ஸ்டடி' என்று சொல்லும் அறை, பட்லருக்குச் 'சம்பளக் கணக்குப் பார்க்கிற ரூம்' ஆக இருக்கலாம். பங்களாப் படிக்கட்டில் எந்தப் படி வரை கங்காணி ஏறலாம், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், கணக்கப்பிள்ளை எந்த வாசலில் நிற்பார் என்பனவும் கட்டடக்கலைதான். வரைபடத்தில் அதற்கென்று ஒரு கோடு போடுங்கள். பெயர் வெளியிடலாமா என்று கேட்டு, வேண்டாமென்றால் 'ஓய்வுபெற்ற பட்லர் ஒருவர்' என்று எழுதினால் போதும்.

பத்தாம் படி: எழுதி வையுங்கள், முடிந்தால் காப்பாற்றுங்கள்

அறிக்கையில் பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனியாக வையுங்கள். ஆண்டைச் சொல்லும்போது வரம்பாகச் சொல்லுங்கள்: '1908க்குப் பின், 1924க்கு முன்' என்பது 'சுமார் 1915' என்பதைவிட நேர்மையானது. படங்களுக்கு அறை, திசை, தேதி மூன்றையும் கோப்பின் பெயரிலேயே சேருங்கள். ஒரு பிரதியை எஸ்டேட் ஆபீசுக்கும், ஒன்றை உள்ளூர் நூலகத்துக்கும், ஒன்றைக் கதை சொன்னவர்களின் வீட்டுக்கும் கொடுங்கள்.

வீடு உங்கள் பொறுப்பில் இருக்கிறது, பழுது பார்க்க வேண்டும் என்றால், முதல் பணம் கூரைக்கும் கூரையோரத் தகரப் பாத்திக்கும் போகட்டும். பாத்தியில் சருகு அடைத்தால் ஒரே பருவமழையில் சுவர் ஊறிவிடும். மண்சாந்துச் சுவருக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் சிமெண்டுப் பூச்சு போட விடாதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவர் உள்ளிருந்தே கரையும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது அரிது. மதுரை, திண்டுக்கல் பக்கம் கோயில் திருப்பணி செய்பவர்களிடம் விசாரியுங்கள். சிம்னியும் தகரமும் சேருமிடத்தில் தார் அப்புவதை நிறுத்திவிட்டு, ஈயத்தகடு மடித்து வைக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு காய நாள் பிடிக்கும். ஆகவே இந்த வேலைகளை ஜனவரியில் தொடங்கி, மே மாதத்து இடிமழை வலுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.